கரை அப்படியே இருக்க, ஆபத்து வகை மட்டும் ஏறுவது ஏன்?

பழைய பாசன அணை ஒன்றை ‘அதிக ஆபத்து’ வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்றதும், கரை உடையப்போகிறதோ என்று பதறுகிறோம். அந்த வகைப்பாடு கரையின் பலத்தைச் சொல்வதே இல்லை. உடைந்தால் கீழே எத்தனை உயிர், என்னென்ன சொத்து என்பதை மட்டும்தான் சொல்கிறது. கல்லுப்போல் நிற்கும் அணையும் அதில் வரும். இத்துப்போன குளம்கூட, கீழே வெறும் வயல் என்றால் குறைந்த வகையிலேயே இருக்கும். கரையின் நிலையைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடிதான். கொள்ளளவோ 3,645 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 10.3 கோடி கன மீட்டர். உபரிநீர்ப் போக்கியை (மிகும் நீரை வெளியேற்றும் வழியை) வடிவமைக்கும் இந்தியத் தர விதியில், 6 கோடி கன மீட்டரைத் தாண்டினாலே பெரிய அணை. ஆழம் குறைவு என்பதற்காகச் சலுகை கிடையாது. வயலுக்கு நீர் பாய்ச்ச வெட்டிய ஏரி இது. இன்று உபரிநீர் இறங்கும் அடையாற்றின் ஓரத்தில் மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கரையில் ஒரு கூடை மண்கூட மாறாமல் வகை ஏறுவது இப்படித்தான்.

உடைந்தால் வரும் சேதக் கணக்கை இரண்டு விதமாகப் போடுவார்கள். மழையே இல்லாத நாளில், நிரம்பிய ஏரி உடைவதாக ஒன்று; இதில் முன்னெச்சரிக்கைக்கு நேரம் மிகக் குறைவு. பெருவெள்ளத்தில் உடைவதாக இன்னொன்று. வெள்ளம் எப்படியும் செய்யும் சேதத்தைக் கழித்துவிட்டு, உடைப்பால் கூடுவதை மட்டும் எடுப்பார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் நீர் எவ்வளவு நேரத்தில் வரும், எவ்வளவு ஆழம், என்ன வேகம் என்று வரைபடத்தில் குறிப்பார்கள்.

கரையின் நிலை வேறு கதை. மண்கரைக்கு இரண்டு எமன்கள். ஒன்று, கரைமேல் நீர் வழிவது. வெளிச்சரிவின் மண்ணை அடியிலிருந்து அரித்துக்கொண்டே மேலேறி, கரையையே அறுத்துவிடும். மாடும் வண்டியும் ஏறி இறங்கித் தாழ்ந்துபோன ஒரே இடம் போதும், நீர் முதலில் அங்கேதான் வழியும். மற்றொன்று, உள்ளே மண்ணை இழுத்துக்கொண்டு வரும் கசிவு. பழைய மதகின் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடமும், பட்டுப்போன மரத்தின் வேர்த்தடமும் அதற்கு வாகானவை.

கசிவு இருப்பது குற்றமல்ல. மண்கரை கசியத்தான் செய்யும். நீர் கலங்கினால்தான் ஆபத்து. கரையடி ஊற்று நீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால், அடியில் மண் படிகிறதா என்பது தெரிந்துவிடும். கசிவு எவ்வளவு என்று அளக்க, 90 பாகை முக்கோண வெட்டு உள்ள தகட்டைக் கசிவுநீர் ஓடும் வாய்க்காலில் நிறுத்துவார்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் வினாடிக்கு முக்கால் லிட்டர், 10 செ.மீ. நின்றால் நான்கரை லிட்டருக்குச் சற்றே குறைவு. உயரம் இரட்டித்தால் நீர் ஐந்தரை மடங்குக்கும் மேல். ஏரி மட்டம் ஏறாமலே கசிவு மட்டும் கூடினால், அன்றே பொறியாளருக்குச் சொல்ல வேண்டும்.

மணலைக் கக்கும் ஊற்றைக் களிமண்ணால் அடைக்கவே கூடாது. நீர் வேறு வழியைத் திறந்துகொள்ளும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, ஊற்றின் மேல் முதலில் மணல், அதன் மேல் சரளை, கடைசியாகக் கல் என்று போட வேண்டும். நீர் வெளியேறும், மண் நிற்கும்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், தனக்குள் வரும் அணைகளுக்கு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில். அதற்குள் வெளிச்சரிவின் சீமைக்கருவேலத்தை வெட்டியாக வேண்டும். புதர் மூடிக் கிடக்கும் சரிவில் ஈரத்திட்டு கண்ணில் படாது.