பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ்: தன்னுடல் தாக்கும் கொப்புள நோய்

ஆட்டின் தோலில் பொருக்கு என்றால் தென்னாப்பிரிக்காவில் முதலில் வாயில் வரும் சொல் ‘பிரான்ட்சீக்தெ’. செம்மறிச் சொறிக்கு ஆஃப்ரிகான்ஸ் பெயர் அது. சொறிப்பூச்சியால் வருவது, மந்தை முழுக்கப் பரவும். கால்நடை மருத்துவர் எப்போதாவது, மிக அரிதாக, வேறொரு பெயர் எழுதித் தருவார்: பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ்.

‘பெம்ஃபிக்ஸ்’ என்பது கிரேக்கத்தில் கொப்புளம், குமிழி. ‘ஃபோலியம்’ லத்தீனில் இலை. தோல் இலை இலையாக உரிவதால் அந்த அடைமொழி. மனிதர்களிடம் கண்ட நோய்க்கு 1844இல் பிரெஞ்சு மருத்துவர் கசெனாவ் வைத்த பெயர் இது. ஆட்டுக்கும் அதுவே வந்து சேர்ந்தது.

அப்படியென்றால் தமிழில் ‘கொப்புள நோய்’ போதுமே என்று தோன்றும். போதாது. டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வளர்ந்த நமக்குக் கொப்புளம் என்றாலே அம்மை, அம்மை என்றாலே தொற்று. இந்த நோயோ தொற்றாது. கிருமியை எதிர்க்க வேண்டிய ஆட்டின் எதிர்ப்புச் சக்தி, தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் புரதங்களையே தாக்குகிறது. சாந்து உதிர்ந்த சுவர் போல செல்கள் விட்டுப் பிரிகின்றன. சீழ்க்கொப்புளம் எழும்பி, சீக்கிரமே உடைந்து, பொருக்காகிறது. அதனால் ‘தன்னுடல் தாக்கும் கொப்புள நோய்’ என்பதே சரி. நீளம்தான், ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

பெயரில் இத்தனை பிடிவாதம் எதற்கு என்றால், மருந்து தலைகீழாக மாறுகிறது. சொறிக்குப் பூச்சிமருந்துக் குளியல் போதும், இதற்கு அது உதவாது. இதற்குத் தரும் ஸ்டீராய்டைத் தொற்றுக்குத் தந்தால் தொற்று முற்றிவிடும். தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்தில் நெருஞ்சி மேய்ந்த ஆட்டுக்கு வெயில் பட்டு முகமும் காதும் வீங்கிப் பொருக்கு கட்டும் ‘கீல்டிக்கொப்’ வேறு இருக்கிறது. நம் நெருஞ்சியேதான்! கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். தோலில் சிறு துண்டு வெட்டி ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் அந்த இடத்தைக் கழுவவோ தேய்க்கவோ கூடாது. பிரிந்த செல்கள் பொருக்குக்குள்தான் இருக்கும்.

நோய் உறுதியானால் பிரெட்னிசோலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. முதலில் கூடுதல் அளவு, தோல் ஆறியதும் படிப்படியாகக் குறைப்பு, சட்டென்று நிறுத்தக் கூடாது. ஆட்டை நிழலில் கட்டுங்கள், வெயில் இதைக் கிளப்பும். சினை ஆடா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கடைசி மாதத்தில் டெக்ஸாமெத்தசோன் போட்டால் நாள் நிறையுமுன் குட்டி விழுந்துவிடும். அப்புறம், இறைச்சிக்கு விற்கும் ஆடு என்றால் கடைசி மருந்துக்கும் அறுப்புக்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.