கிளியர் ஐஸ் – தெளிபனிக்கட்டி

கிளியர் ஐஸ்: நடுவில் வெண்மை இல்லாமல், மறுபக்கம் இருப்பதை அப்படியே காட்டும் பனிக்கட்டி. குவளையில் போட்டுப் பானத்தை ஊற்றினால் கட்டி இருக்கும் இடமே தெரியாது; கரண்டி பட்டுச் சத்தம் கேட்கும்போதுதான் அது உள்ளே இருப்பது புரியும். பெரிய ஓட்டல்களின் மதுக்கூடங்களில் வழங்கிவந்த இந்தப் பெயர், நன்னாரி சர்பத்துக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் வீட்டிலேயே இப்படிக் கட்டி செய்ய விரும்புகிறவர்கள் வழியாகத் தமிழிலும் புழங்கத் தொடங்கியிருக்கிறது. தமிழில் இதை எப்படிச் சொல்லலாம்? கண்ணாடி ஐஸ், தூய பனிக்கட்டி, பளிங்குக் கட்டி என்று பல பெயர்கள் மனத்தில் தோன்றும். ‘தெளிபனிக்கட்டி’ என்பதே பொருத்தமான சொல் என்பது என் துணிபு. அந்தக் கட்டி எப்படி உருவாகிறது என்பதையும் அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

முதலில் ஐஸ். பழைய ஆங்கிலத்தில் இது ‘ஈஸ்’ என்று ஒலித்தது. ஜெர்மானிய மொழிகள் பலவற்றிலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. ஜெர்மன் மொழி பேசுகிறவர்கள் இன்றும் நம்மைப் போலவே ‘ஐஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் இந்தச் சொல் குச்சி ஐஸ், சேமியா ஐஸ், ஐஸ் வண்டி என்று ஊன்றிவிட்டது. ஒருவரைப் புகழ்ந்து குளிர்விப்பதைக்கூட ‘ஐஸ் வைக்கிறான்’ என்கிறோம். சென்னையில் ஒரு வட்டாரத்துக்கே ஐஸ் ஹவுஸ் என்று பெயர். பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். நான்கு மாதக் கடல்வழி; வழியில் கரைந்ததுபோக மிஞ்சியதே விற்பனைக்குப் போதுமானதாக இருந்தது. சென்னைக் கடற்கரையில் அதே சரக்கைச் சேமிக்க 1842இல் எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிச் சென்ற அந்தக் கட்டடம், இன்று விவேகானந்தர் இல்லம்.

அந்த ஏரிக்கட்டி தெளிவுக்குப் பேர்போனது. 1840களில் லண்டனின் ஸ்ட்ராண்ட் வீதியில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த வென்ஹம் ஏரிக் கட்டியை விற்ற கடை, ஒரு பெரிய பாளத்தைச் சன்னலில் வைத்து அதன் பின்னால் செய்தித்தாளை நிறுத்தியது. தெருவில் போகிறவர்கள் பனிக்கட்டியின் ஊடாக அச்செழுத்தைப் படித்தார்கள். தொழிற்சாலையும் வடிகட்டியும் இல்லாத ஏரிக்கு அது எப்படிக் கைகூடியது? விடை எளிது. ஏரிக்குக் குளிர் மேலிருந்து மட்டுமே வருகிறது. நீர் 4 டிகிரி செல்சியஸில் அதிக அடர்த்தி கொள்வதால் அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதந்து முதலில் உறைகிறது. பிறகு பாளம் கீழ்நோக்கி மெல்லத் தடிக்கிறது. மேலே வானத்துப் பனி விழுந்து உறைந்த வெள்ளை அடுக்கை மட்டும் தொழிலாளர்கள் சீவி எறிந்தார்கள். அதற்குக் கீழே இருந்தது தெளிந்த கட்டி.

இனிப் பனி. தமிழில் இது விரிந்த சொல். புல்லில் விழும் துளியும் பனி, மார்கழி மூடுபனியும் பனி, மலையுச்சியில் படிந்து கிடப்பதும் பனி. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தவர்கள் அதில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்தார்கள். ‘வடாஅது பனிபடு நெடுவரை’ என்று இமயத்தைச் சொல்கிறது புறநானூற்றின் ஆறாம் பாட்டு. ‘பனித்தல்’ என்றால் நடுங்குதல், துளித்தல். கண் பனித்தது என்று இன்றும் எழுதுகிறோம். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். குளிர், நடுக்கம், துளி என்ற மூன்றும் ஒரே வேரில் பின்னிக் கிடக்கின்றன. இந்த விரிவினால்தான் உறைந்த நீரைக் குறிக்கப் ‘பனி’ மட்டும் போதாமல் ‘கட்டி’ சேர்ந்தது. பனிக்கட்டி நல்ல சொல், பாடநூலிலும் செய்தித்தாளிலும் நிலைபெற்றுவிட்ட சொல். அதை மாற்றத் தேவையில்லை. அதற்கு முன்னால் எந்த அடை வரவேண்டும் என்பதுதான் கேள்வி.

‘தூய’ என்ற அடை தவறான வழியைக் காட்டுகிறது. வடிகட்டிய குடிநீரை ஊற்றி வைத்தாலும் சாதாரணத் தட்டில் கட்டியின் நடு வெளுத்துத்தான் போகும். அந்த வெண்மையில் பெரும்பங்கு, நீரில் கரைந்திருந்த காற்று. ‘தூய பனிக்கட்டி’ என்று பெயர் வைத்தால் படிப்பவர் நல்ல தண்ணீரைத் தேடிப் போவார். கட்டியோ வெளுத்தே வரும்.

‘கண்ணாடி ஐஸ்’ பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. தோற்றத்தை மட்டும் சொல்கிறது என்பதே அதன் குறை.

பளிங்கு என்ற சொல்லைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்’ என்ற குறளில் வரும் பளிங்கு, பக்கத்தில் உள்ளதைத் தன்னுள் காட்டும் படிகக்கல். லண்டன் சன்னலில் பாளமும் செய்தித்தாளும் செய்த வேலை அதுவே. மேற்கிலும் இந்த உறவு பழையது: ‘கிறிஸ்டல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளே பனிக்கட்டிதான். கடுங்குளிரில் நிலையாக இறுகிப்போன பனிக்கட்டியே படிகம் என்று ரோமானிய அறிஞர் பிளினி நம்பினார். இவ்வளவு இருந்தும் இன்றைய வாசகருக்குப் ‘பளிங்கு’ என்றால் தாஜ்மகால் நினைவுக்கு வருகிறது. வெள்ளை வெளேரென்ற, ஊடே எதுவும் தெரியாத கல். வெண்மையே இல்லாத கட்டிக்கு அந்தப் பெயர் எதிர்ப்பொருள் தந்துவிடும். பழைய பொருள் மீண்டு வரும்வரை பளிங்கு காத்திருக்க வேண்டியதுதான்.

‘கிளியர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் ‘கிளாரஸ்’. ஒளியுள்ள, உரக்க ஒலிக்கிற என்று பொருள். தமிழ்த் ‘தெளி’ வேறு நிலத்தில் முளைத்தது. கலங்கிய நீரில் வண்டல் அடியில் தங்கி மேல்நீர் பிரிவதுதான் தெளிதல். மயக்கம் தெளிந்தது, ஐயம் தெளிந்தது என்கிறபோதும் கலந்திருந்த ஒன்று விலகுகிறது. ரசத்தில் மேலாக அள்ளுவது தெளிவு. அடியில் நிற்பது மண்டி. கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைக்கும் வழக்கம் கலித்தொகையிலேயே உவமையாக வருகிறது. மரத்தின் பெயர் அங்கே ‘இல்லம்’. எனவே தெளி என்பது தோற்றத்தைக் குறிக்கும் முன் ஒரு செயலைக் குறிக்கிறது. நல்ல கிளியர் ஐஸ் செய்யும் வழியும் அந்தச் செயலேதான்.

நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. கரைந்த காற்றுக்கும் உப்புக்கும் அந்த அடுக்கில் இடமில்லை; அவை இன்னும் உறையாத நீருக்குள் தள்ளப்படுகின்றன. பிளாஸ்டிக் தட்டில் குளிர் எல்லாப் பக்கமிருந்தும் ஏறுகிறது. ஓடுபோல வெளிப்பக்கம் முதலில் உறைந்துவிட, தள்ளப்பட்டவை அனைத்தும் நடுவில் சிறைப்படுகின்றன. உறைகிற நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் அந்த நடுப்பகுதியில் விரிசலும் விழுகிறது. கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய குமிழ் இழைகள் ஓடுவதையும், அவை கூடுமிடத்தில் வெள்ளை மூட்டம் திரண்டிருப்பதையும் காணலாம்.

நீரைக் கொதிக்கவைத்து ஆற்றினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். கொதித்தால் காற்று வெளியேறுவது உண்மை. ஆறும்போது ஓரளவு திரும்பக் கரைவதும் உண்மை. மூட்டம் சற்றுக் குறையும், போகாது. மாற்றவேண்டியது குளிர் வரும் திசையை. அமெரிக்க எழுத்தாளர் கேம்பர் இங்லிஷ் 2009இல் வீட்டு ஃப்ரீசருக்கு இந்த வழியைக் கண்டு பரப்பினார்: குளிர் தாங்கும் பெட்டியில் நீர் நிரப்பி, மூடியைத் திறந்துவைத்து உறையவிடுவது. பக்கமும் அடியும் குளிரை மறிப்பதால் நீர் மேலிருந்து கீழாக மட்டும் உறைகிறது, ஏரியில் நடந்ததைப் போலவே. இதற்கு ‘ஒருதிசை உறைதல்’ என்று பெயர் சொல்லலாம்.

நம் வீட்டில் அதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டாம். இட்லியும் சப்பாத்தியும் சூடு ஆறாமல் வைக்கும் ஹாட் பாக்ஸ் போதும். சூட்டை உள்ளே நிறுத்தும் சுவர், குளிரையும் வெளியே நிறுத்தும். முக்கால் அளவு நீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். அது கொள்ளாத சிறிய ஃப்ரீசர் என்றால், ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியையும் பக்கங்களையும் தெர்மாகோலால் சுற்றிக்கொள்ளலாம். அடியை விட்டுவிடக் கூடாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரின் தரையே குளிர்த் தகடாக இருக்கும். ஃப்ரீசரின் குளிரையும் பாத்திரத்தின் ஆழத்தையும் பொறுத்துப் பாதி நாளிலிருந்து ஒரு நாள்வரை ஆகும். முழுவதும் உறையும் முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நுட்பம். அசைத்தால் அடியில் நீர் தளும்பும் நிலை சரியான பதம். தலைகீழாகக் கவிழ்த்தால் தெளிந்த பாளம் கழன்று வரும். காற்றும் உப்பும் சேர்ந்த நீர் கீழே ஓடிவிடும். விட்டுவைத்தால் அந்தக் கடைசி நீரும் விரிந்து உறைந்து பாளத்தைப் பிளக்கும், பாத்திரத்தையும் கெடுக்கும்.

எடுத்தவுடன் பாளத்தின்மேல் வெண்பூச்சாக உறைபனி படர்ந்து, ஒன்றும் தெரியாது. மேசைமேல் விட்டால் அந்தப் பூச்சு விளிம்பிலிருந்து நீராகி விலகும். மேற்பரப்பு மினுங்கத் தொடங்கும். வெட்டுவதற்கு அதுவே தருணம். ரம்பப் பல் உள்ள ரொட்டிக் கத்தியால் கோடு கீறி, கத்தியின் முதுகில் ஒரு தட்டு தட்டினால் கோட்டின் வழியே பிளக்கும். கடுங்குளிரோடு இருக்கும்போதே தட்டினாலோ, வெதுவெதுப்பான பானத்தை ஊற்றினாலோ கட்டி முழுக்க விரிசல் ஓடிவிடும். வெட்டிய துண்டுகளை மூடிய உறையில் வைப்பது நல்லது. இல்லையென்றால் ஃப்ரீசரில் உள்ள மீன் வாடை அதில் ஏறும். இந்தக் கட்டி மெதுவாகக் கரைகிறது என்பார்கள். அதற்குப் பெரும் காரணம் அதன் அளவு: பெரிய கட்டிக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு.

எழுதும்போது ஒரு சிறு இலக்கணக் குறிப்பு. ‘பாலும் தெளிதேனும்’ என்ற ஔவையின் தொடரில் உள்ள தெளிதேன்போலத் தெளிபனிக்கட்டியும் வினைத்தொகை. இடையில் ஒற்று மிகாது. ‘தெளிப்பனிக்கட்டி’ என்று எழுதுவது பிழை. தெளித்தல் என்ற வேறு வினையின் சாயலும் அப்போது வந்து சேர்ந்துவிடும். நடு வெளுத்த கட்டிக்குக் ‘கலங்கல் பனிக்கட்டி’ என்பது இயல்பான எதிர்ச்சொல்.

வானத்தில் விளையும் ஆலங்கட்டியில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பெரிய ஆலங்கட்டி ஒன்றைக் குறுக்கே வெட்டினால் தெளிந்த அடுக்கும் வெள்ளை அடுக்கும் மாறிமாறி வரும்: மெல்ல உறைந்த அடுக்கிலிருந்து காற்று தப்பிவிட்டது, சட்டென்று உறைந்ததில் சிக்கிக்கொண்டது. விமானச் சிறகில் படியும் பனிக்கும் வானிலையாளர்கள் இதே வேறுபாட்டைக் காண்கிறார்கள். பெரிய துளிகள் பரவி மெல்ல உறைந்தால் கிளியர் ஐஸ்; சிறு துளிகள் பட்டவுடன் உறைந்தால் வெண்ணிறப் படிவு. முன்னது கண்ணுக்கு எளிதில் தெரியாது, கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், அதனால் ஆபத்தும் மிகுதி. அங்கே அது கட்டியாக இல்லாமல் சிறகின்மேல் பூச்சாகப் படிகிறது. எனவே விமானவியல் எழுதுகிறவர்கள் ‘கட்டி’யை விட்டுவிட்டுத் ‘தெளிபனி’ என்று எழுதலாம்.