லீடிங்: வரிகளுக்கு நடுவே கிடந்த ஈயம்

ஹட்டன், நுவரெலியா பக்கம் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் வடிவமைக்கிறவர்களிடம் ‘லீடிங்’ என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. வரிக்கும் வரிக்கும் நடுவே விடுகிற வெளி அது என்றும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் முன்னே போவதைக் குறிக்கும் ‘லீட்’டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருப்பதால் வந்த மயக்கம் அது. ஈயத்துக்கு ஆங்கிலத்தில் ‘லெட்’ என்று பெயர். அதிலிருந்து பிறந்ததால் ‘லெடிங்’ என்பதே சரியான உச்சரிப்பு.

உலோக எழுத்துகளைக் கையால் கோர்த்த காலத்தில், வரிகள் நெருக்கமாக இருந்தால் அச்சுக்கோப்பவர் நடுவே மெல்லிய ஈயத் தகடு ஒன்றைச் செருகுவார். தகடு எழுத்தைவிட உயரம் குறைவு. அதனால் மை அதில் படாது, தாளில் வெற்றிடம் மட்டும் விழும். அச்சில் எழுத்தின் உயரத்தையும் இடைவெளியையும் அளக்கும் சின்ன அலகு பாயின்ட். 10 பாயின்ட் எழுத்துக்கு 2 பாயின்ட் தகடு வைத்தால் ‘10க்கு 12’ என்பார்கள்.

கணினிக்கு வந்தபோது பொருள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அன்று லீடிங் என்றால் செருகிய அந்த 2 பாயின்ட். இன்று ஒரு வரியின் எழுத்துகள் உட்காரும் கோட்டிலிருந்து அடுத்த வரியின் கோடு வரையுள்ள முழுத் தூரம், அதாவது 12.

தமிழில் ‘வரியிடைவெளி’ என்பதே போதும், சேர்த்தே எழுதலாம். எழுத்திடைவெளி, சொல்லிடைவெளி என்பவற்றோடு அது அழகாக ஒரே வரிசையில் நிற்கிறது. ஈயம் போய்விட்ட பிறகு பெயரில் அதைத் தூக்கிச் சுமப்பானேன்?

நம் ஊரில் இதைக் கவனிக்க இன்னொரு காரணம் இருக்கிறது. இங்கே அறிவித்தல் என்றால் பெரும்பாலும் மும்மொழியில் போடவேண்டும். ஆங்கிலப் பத்திக்கு வைத்த அளவையே தமிழுக்கும் வைத்துவிடுகிறார்கள். பல மென்பொருள்கள் தாமாக வைப்பது எழுத்தளவில் 120 வீதம். 12 பாயின்டுக்கு 14.4. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் ‘முத்துமாரியம்மன்’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘தீர்த்தத் திருவிழா’ என்று போட்டுப் பாருங்கள். மேலே மு, து இரண்டின் கால்களும் இறங்கும். கீழே தீயின் சுழியும் மெய்யெழுத்தின் புள்ளியும் ஏறும். இரண்டும் முட்டிக்கொண்டால் வயதானவர்கள் பாடுபட்டுத்தான் வாசிப்பார்கள். 12 பாயின்ட் தமிழுக்கு நான் 17, 18 வரை விடுவேன். பக்கம் கொஞ்சம் நீளும், நீளட்டும்.

அப்புறம், வேர்டில் வரியிடைவெளிக்கு ‘எக்ஸாக்ட்லி’ என்ற தெரிவில் சின்ன அளவு கொடுத்தால் எழுத்தின் தலை திரையில் வெட்டுப்படும். புள்ளி காணாமல் போய் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ‘அட் லீஸ்ட்’ என்பதற்கு மாற்றினால் புள்ளி திரும்பி வரும்.