திறந்த மூல மென்பொருள் தருவதெல்லாம் சரியான விடை அல்ல

கோவை, ஈரோடு பகுதி இயற்பியல் முதுகலை மாணவர்களின் ஆய்வறிக்கைகளைத் திருத்தும்போது ஒரே பிழையைத் திரும்பத் திரும்பக் கண்டு மனம் சலித்துத்தான் இதை எழுதுகிறேன். அணிக்கோவைப் புலக் கோட்பாட்டுக்கான (வெளியையும் காலத்தையும் புள்ளிக் கட்டமாக, அதாவது லாட்டிஸாக, மாற்றிக் கணினியில் கணக்கிடும் முறை) மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கி, இரவெல்லாம் ஓட்டி, கடைசியில் வரும் எண்ணை அறிக்கையில் ஒட்டிவிடுகிறார்கள். சரிபார்த்தீர்களா என்று கேட்டால், “உலகமே ஓட்டுற கோடுங்க சார், தப்பாவா வரும்?” என்கிறார்கள்.

வரும். மில்க், குரோமா, கிரிட், ஓபன்கியூசிடி ஆகிய இத்துறை மென்பொருள்கள் வல்லுநர்கள் ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால், மூல நிரலை எவரும் படித்துச் சோதிக்கலாம் என்பதுதான் திறந்த மூலத்தின் பொருளே தவிர, நீங்கள் எழுதிய உள்ளீட்டுக் கோப்பையும் உங்கள் கணினியில் நடந்த ஓட்டத்தையும் யாரோ சோதித்துவிட்டார்கள் என்பதல்ல. நல்ல தறி என்பதற்காக, இழை அறுந்த இடத்தில் துணி பழுதில்லாமல் வந்துவிடுமா?

அண்மையில் பார்த்த அறிக்கையில், மின்தடையால் நின்ற ஓட்டத்தை அந்த மாணவர் ஒவ்வொரு முறையும் சேமித்த புல அமைவிலிருந்து (கட்டம் முழுவதும் புலத்துக்கு அப்போதிருந்த மதிப்புகள்) சரியாகவே தொடர்ந்திருந்தார். ரேண்டம் எண் இயற்றியின் நிலையை மட்டும் சேமிக்கவில்லை. பதிவுக் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு மறுதொடக்கத்தின் தலைப்பிலும் ஒரே சீட் எண் (ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கி வைக்கும் எண்); அதாவது, அதே ரேண்டம் எண்களே மறுபடி மறுபடி பயன்பட்டிருந்தன. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அதைவிட அதிகமாகக் காண்பது பிழை மதிப்பீடு. அடுத்தடுத்த புல அமைவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஆகவே 5,000 அளவீடுகள் இருந்தாலும், தொகுத்த தன்னொட்டுறவுக் காலம் (அந்தச் சார்பு எத்தனை அளவீடுகள் வரை நீடிக்கிறது என்பதன் அளவு) 25 என்றால், அதன் இரு மடங்கான 50-ஆல் வகுக்க, சார்பற்றவை ஏறத்தாழ 100 மட்டுமே; உண்மையான பிழை நீங்கள் அச்சிட்டதைப் போல் 50-இன் வர்க்கமூலம், அதாவது ஏழு மடங்கு. அணிக்கோவை இடைவெளி குறையக் குறைய இது மோசமாகும். இடவியல் மின்னூட்டம் (புலம் எத்தனை முறை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்; மின்சாரத்தோடு தொடர்பில்லை) ஏறக்குறைய மாறாமல் உறைந்தே போகும்.

தயவுசெய்து, புதிய இயற்பியலைத் தொடுவதற்கு முன் தெரிந்த விடையை எடுத்துப் பாருங்கள். குவார்க்குகள் இல்லாத எஸ்யூ(3) கோட்பாட்டில் (வன்விசைக் கோட்பாட்டின் எளிய வடிவம்), இயற்பியலாளர் கென்னத் வில்சன் 1974-இல் தந்த செயலுக்கு (‘ஆக்‌ஷன்’ எனும் கோவை), பீட்டா (விசையின் வலிமையை நிர்ணயிக்கும் எண்) 6.0-இல் சராசரி பிளாக்கெட் (கட்டத்தின் மிகச் சிறிய சதுரத்தைச் சுற்றி அளப்பது) 0.5937 வர வேண்டும், 1.781 வந்தால் நிரல் 3-ஆல் வகுக்காமல் அச்சிடுகிறது என்று பொருள், பதற வேண்டாம். ஹைப்ரிட் மான்டி கார்லோ (புல அமைவுகளை உருவாக்கும் ஒரு வழிமுறை) ஓட்டுகிறவர்கள், ஒவ்வொரு அடியிலும் ஹாமில்டோனியன் (மொத்த ஆற்றல் போன்ற அளவு) மாறும் மாற்றம் ΔH என்றால், exp(−ΔH)-இன் சராசரி பிழை வரம்புக்குள் 1 ஆக இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஓபன்கியூசிடியின் டெவல் கோப்புறையில் சோதனை நிரல்கள் நிறைந்து கிடக்கின்றன. அவற்றை ஓட்டாமல் அறிக்கை எழுத உட்காராதீர்கள். பதிப்பு எண், உள்ளீட்டுக் கோப்பு, சீட் எண்கள் மூன்றையும் பின்னிணைப்பில் சேருங்கள். அவை இல்லாத அறிக்கையைத் திருத்தாமலே திருப்பி அனுப்புகிறேன்.