‘பலியேற்றிவ் கெயார்’: தமிழில் எப்படிச் சொல்வது?

கடும் நோயுற்ற பிள்ளையோடு மருத்துவமனையின் சிறுவர் விடுதியில் நிற்கும் ஒரு தாயிடம், ‘பலியேற்றிவ் கெயாருக்கு எழுதித் தாறம்’ என்று சொல்லப்படும்போது, அவர் காதில் பெரும்பாலும் வேறொரு வாக்கியமே விழுகிறது: ‘இனிச் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை, வீட்டை கொண்டு போங்கோ.’ சொன்னவர் கருதியது அதுவன்று; நோயின் துன்பத்தைத் தணித்து, பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்கும் பராமரிப்பையே அவர் கருதினார். ஆனால் அந்தப் பொருளை ஏற்கக்கூடிய தமிழ்ச் சொல் ஒன்று நம்மிடம் ஊன்றி நிற்காதபடியால், அந்த இடத்தை அச்சம் நிரப்பிவிடுகிறது. ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்தச் சொல்லைக் கேட்டு அஞ்சி, மருந்தையும் உதவியையும் வேண்டாமென்று விலகிப்போகும் குடும்பத்தில், நோவைச் சுமப்பது பிள்ளைதான்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். ‘பல்லியம்’ என்றால் போர்வை, மேலாடை. அதிலிருந்து பிறந்த வினைக்குப் போர்த்துதல் என்று பொருள். காலப்போக்கில் அது குற்றத்தை மூடிமறைத்தல் என்ற இழிபொருளையும், நோயை நீக்காமல் அதன் கடுமையை மட்டும் குறைத்தல் என்ற மருத்துவப் பொருளையும் பெற்றது. இன்று வழங்கும் தொடர் அவ்வளவு பழையதன்று. 1967 இல் லண்டனில், மரணத்தை நெருங்கும் நோயாளரைப் பேணுவதற்குச் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் தொடங்கிய இல்லம் ‘ஹொஸ்பிஸ்’ என்றே அழைக்கப்பட்டது. அவரிடம் கற்றுக்கொண்ட கனடிய அறுவை மருத்துவர் பல்போர் மவுண்ட், 1975 இல் மொன்றியல் நகரில் அத்தகைய பிரிவொன்றைத் தொடங்கியபோது அப்பெயரை எடுத்துக்கொள்ள முடியவில்லை. பிரெஞ்சு பேசுவோர் செவியில் ‘ஹொஸ்பிஸ்’ என்பது கதியற்றவர்களை ஒதுக்கிவைக்கும் இடத்தைக் குறித்தது. ஆகவே அவர் ‘பலியேற்றிவ் கெயார்’ என்ற தொடரை ஆக்கினார். சொல் கேட்பவர் நெஞ்சில் என்ன செய்கிறது என்ற அக்கறையிலிருந்தே இத்தொடர் பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

நமக்கும் அதே இடர் உண்டு. ‘ஹொஸ்பிஸ்’ என்பதன் மூலப் பொருள் வழிப்போக்கர் தங்கும் விடுதி. அதற்கு நேர் தமிழ் ‘மடம்’. பருத்தித்துறையில் வீதிக்கு மேலாகக் கல்லால் கட்டப்பட்ட தெருமூடிமடத்தையும், செல்வச்சந்நிதியில் அடியார்க்குச் சோறிடும் மடங்களையும் அறிந்த யாழ்ப்பாணத்தவருக்கு இது எளிதில் விளங்கும். ஆயினும் ‘அநாதை மடம்’ என்ற வழக்கும் அதே சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைக்கு அச்சொல்லைச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

தமிழில் இதுவரை வழங்கியவற்றுள் ‘இறுதிக்காலப் பராமரிப்பு’ என்பதை முதலில் விலக்க வேண்டும். அது பிழையான பெயர்ப்பு. பிள்ளைகளைப் பொறுத்தவரை பெரும் பிழை. உலக சுகாதார நிறுவனம் 1998 இல் சிறுவர்களுக்கென வகுத்த வரைவிலக்கணத்தின்படி, இப்பராமரிப்பு நோய் கண்டறியப்பட்ட அன்றே தொடங்குகிறது. நோயை மாற்றும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர்கிறது. பிள்ளையின் உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றையும் தழுவுவதோடு குடும்பத்துக்குத் துணை நிற்பதையும் அது உள்ளடக்குகிறது. நம் ஊரில் இச்சொல்லைக் கேட்டவுடன் புற்றுநோய் மருத்துவமனைகள் உள்ள தெல்லிப்பழையும் மகரகமையும், அதாவது புற்றுநோயும், மட்டுமே நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளிடையே இதற்கு உரியவர்கள் பலவகையினர். தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் பிள்ளை, பிறவியிலேயே கடும் இருதயக் கோளாறு உள்ள பிள்ளை, மூளை பெரிதும் பாதிக்கப்பட்டு விழுங்கவும் இருக்கவும் இயலாத பிள்ளை என்று பலரும் இதில் அடங்குவர். இவர்களுட் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்வார்கள், பள்ளிக்கூடம் போவார்கள், தம்பி தங்கையோடு சண்டை பிடிப்பார்கள். பதினைந்து ஆண்டுகளை ‘இறுதிக்காலம்’ என்று எவ்வாறு அழைப்பது?

‘வலிநிவாரணம்’ என்பது தமிழ்நாட்டில் வழங்குவதுண்டு. யாழ்ப்பாணத்தில் உடம்பில் உணரும் துன்பத்துக்கு இயல்பான சொல் ‘நோ’. ‘எங்கையம்மா நோகுது?’ என்றுதான் பிள்ளையைக் கேட்கிறோம். மேலும், நோவைப் போக்குவது இப்பணியின் ஒரு கூறு மட்டுமே. மூச்சுத்திணறல், வாந்தி, உறக்கமின்மை, பயம், ‘நான் செத்துப் போவேனா’ என்ற கேள்வி ஆகியவற்றையும் அது கவனிக்க வேண்டும்.

‘நோய்த்தணிப்பு’ என்பது இலங்கையில் இப்போது எழுத்தில் காணும் வடிவங்களுள் ஒன்று. முதலில் எனக்கு அதில் நிறைவில்லை. ‘நோய்’ என்றால் வியாதி என்று கொள்ளும் இன்றைய செவிக்கு, வியாதியைக் குறைக்கும் சிகிச்சை என்றே அது படும். ஆனால் பழந்தமிழில் ‘நோய்’ அவ்வளவு குறுகியதன்று. ‘நோ’ என்ற வினையிலிருந்து வந்த அச்சொல், உடல் துன்பத்தையும் மனத்துயரையும் பிரிவின் வேதனையையும் ஒருங்கே குறித்தது. பிறர்க்கு நோய் செய்யாதே என்று வள்ளுவர் கூறுமிடத்தில் அது வியாதியன்று, துன்பம். சோண்டர்ஸ் அம்மையார் ‘முழு நோவு’ என்று ஒரு கருத்தை முன்வைத்தார். உடல், உள்ளம், உறவு, ஆன்மா ஆகிய எல்லாவற்றின் வேதனையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அது குறிக்கும். அதைச் சொல்ல அவருக்கு இரண்டு சொற்கள் வேண்டியிருந்தன. நம் முன்னோர் அதை ஓரெழுத்து வினையிலேயே வைத்திருந்தனர்.

‘தணிப்பு’ அதைவிடப் பொருத்தமானது. வெக்கை தணிகிறது, தாகம் தணிகிறது, சினம் தணிகிறது. முருகனின் சினம் தணிந்த இடம் திருத்தணிகை என்பது புராணம். மறைந்துபோதல் இச்சொல்லின் கட்டாயப் பொருளன்று. கடுமை நீங்கித் தாங்கக்கூடிய நிலைக்கு வருதலே அதன் உயிர். ‘தீர்த்தல்’ வேறு, ‘தணித்தல்’ வேறு. இலத்தீன் சொல் போர்த்தி மூடுகிறது. தமிழ்ச் சொல் குளிர வைக்கிறது. இந்த ஒன்றில் மொழிபெயர்ப்பு மூலத்தை விஞ்சுகிறது என்றே கருதுகிறேன்.

ஆகவே என் தெரிவு ‘நோவுதணிப்புப் பேணல்’. ‘நோவு’ என்று சொன்னால், வியாதியோ என்ற மயக்கம் நீங்கும், ஊர்ச்சொல்லும் அருகில் நிற்கும். ‘பராமரிப்பு’ என்பதில் தவறில்லை; ஆயினும் கட்டடத்தையும் வாகனத்தையும் கூடப் பராமரிக்கிறோம். பேணுதல் என்பதில் அன்பு இருக்கிறது. ‘நோவாற்றல்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆற்றல் வலிமையாக மயங்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

இனி இதன் இணைச்சொல்லான ‘றெஸ்பிற் கெயார்’, அதாவது பிள்ளையைப் பேணும் குடும்பம் சற்று ஆறும்படி பிறர் சில நாட்கள் மாறி நின்று பார்ப்பது. 1982 இல் ஒக்ஸ்போர்ட்டில் அருட்சகோதரி பிரான்சிஸ் டொமினிக்கா தொடங்கிய ‘ஹெலன் ஹவுஸ்’, சிறுவர்களுக்கென உலகில் எழுந்த முதல் ஹொஸ்பிஸ். அது மரணத்துக்கான இடமாக எண்ணப்படவில்லை. வீட்டிலே இரவு பகலாகப் பிள்ளையைப் பார்க்கும் குடும்பம் சில நாட்கள் மூச்சுவிட ஓர் இடம் என்பதே அதன் முதல் எண்ணம். ‘றெஸ்பிற்’ என்ற சொல் இலத்தீனில் ‘திரும்பிப் பார்த்தல்’ என்பதிலிருந்து வந்து, பின்னர் தவணை, தண்டனையை ஒத்திவைத்தல் என்ற பொருள்களைப் பெற்றது.

‘ஓய்வுப் பராமரிப்பு’ என்றால், பிள்ளையை விட்டுவிட்டு ஓய்வெடுக்கச் சொல்கிறார்களே என்று தாய் கூசுவார். ‘இளைப்பாறல்’ அழகான சொல். ஆனால் இங்கே இளைப்பாறியவர் என்றால் உத்தியோகத்திலிருந்து விலகியவர். யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லே என் நினைவுக்கு முதலில் வந்தது. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கிவைத்து, ஆறி, மீண்டும் தூக்கிக்கொண்டு நடக்க அது உதவியது. கருவுற்றபடி இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நடும் மரபும் தமிழரிடையே உண்டு. இருந்தும் அந்த உருவகத்தைப் பெயராக வைக்கத் துணியேன். பிள்ளை சுமையன்று, உறக்கமின்மையும் தனிமையுமே சுமை. அந்த வேறுபாட்டைப் பெயருக்குள் அடக்க இயலாது. ஆதலால் பிறவினையாக ‘இளைப்பாற்றுப் பேணல்’ என்று சொல்லலாம். ஒருவர் தாமே விலகி ஆறுவதன்று, மற்றவர் அவரை ஆற்றுவது என்ற பொருள் அதில் கிடைக்கிறது.

மருந்துக்கு நான்கு உறுப்புகள் என்று திருக்குறள் வகுக்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று செய்பவரை மருத்துவருக்கும் மருந்துக்கும் சமமாக எண்ணிய மொழி இது. எங்கள் விடுதிகளில் அவரையே ‘துணைக்கு நிக்கிறவ’ என்கிறோம். முன்பு அந்தத் தாய்க்கு மாறி நிற்கப் பெரியம்மாவோ சின்னம்மாவோ மாமியோ இருந்தார்கள். அப்போது இப்பணிக்குப் பெயர் தேவைப்படவில்லை. இன்று அவர்களுட் பலர் றொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து இரவில் தொலைபேசியில் அழுகிறார்கள்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிசனரி மருத்துவர் சாமுவேல் கிறீன், அதற்கான கலைச்சொற்களைத் தேடி ஆண்டுக்கணக்காக உழைத்தார். அந்த மண்ணில் இருப்பவர்கள் இவ்விரண்டு சொற்களையும் பத்திரத்தில் எழுதுவதோடு நிற்காமல், தாயிடம் பேச்சிலும் சொல்லிப் பார்க்கட்டும்: ‘பிள்ளைக்கு நோவைத் தணிக்கிற மருந்தும் ஆக்களும் இருக்கினம் அம்மா. வருத்தத்துக்கான மருந்தையும் நிப்பாட்டேல்லை. இண்டைக்கு ராவைக்கு நாங்கள் மாறி நிக்கிறம், நீங்கள் போய்க் குளிச்சு, சாப்பிட்டு, படுத்தெழும்பி வாங்கோ.’