'போலி நண்பர்கள்' வேண்டாம், 'மொழிமயக்கச் சொற்கள்' போதும்

ஆங்கிலம் கற்பிக்கும் தாள்களிலும் காணொளிகளிலும் 'போலி நண்பர்கள்' என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. அண்மையில் ஒரு மாணவர் அப்படியொரு தாளைக் கொண்டுவந்து, "சார், இது யாரோடு பழகக் கூடாது என்று சொல்லும் பாடமா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். உள்ளே இருந்ததோ, இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி ஒலித்து வெவ்வேறு பொருள் தரும் சொற்களின் பட்டியல். தலைப்பைப் படித்தவருக்கு உள்ளே இருப்பதை ஊகிக்கவே முடியவில்லை என்றால் அது என்ன கலைச்சொல்?

ஆங்கிலத்தில் இவற்றை 'ஃபால்ஸ் ஃப்ரெண்ட்ஸ்' என்பார்கள். அதுவே பிரெஞ்சு வழக்கின் நேர் மொழிபெயர்ப்பு. 1928இல் கோஸ்லர், தெரொகின்யி என்ற இருவர், ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்ப்பவர்களை எச்சரித்து எழுதிய நூலின் தலைப்பிலிருந்து அந்த வழக்கு பரவியது. பார்த்தால் தெரிந்த முகம், நம்பினால் கவிழ்த்துவிடும் என்பது கருத்து. ஜெர்மனில் 'கிஃப்ட்' என்றால் நஞ்சு. பிரெஞ்சில் 'லிப்ரெரி' புத்தகக் கடை, நூலகம் அல்ல. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மலையாளத்தில் 'வெள்ளம்' வெறும் தண்ணீர். தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை.

தமிழ் பேசுகிறவர் ஆங்கிலம் கற்கும்போது சிக்கல் இன்னும் நுட்பமானது. சொல் ஆங்கிலத்திலிருந்தே வந்தது. இங்கே புழங்கிப் புழங்கிப் பொருள் மாறியது. நாம் ஆங்கிலம் பேசும்போது அந்த மாறிய பொருளோடு திரும்பிப் போகிறது. 'டவுட்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது கேள்வி, விளங்காத இடம். வெளிநாட்டு ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் நம்பிக்கையின்மை. எனக்குத் தெரிந்த ஒருவர், தன் மேலாளரின் அறிக்கையில் ஒரு தலைப்பு புரியாமல், "உங்கள் அறிக்கையில் எனக்கு ஒரு டவுட்" என்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினார். வெளிநாட்டுக்காரரான மேலாளரோ தன் கணக்குகள் சரியானவை என்று பத்தி பத்தியாக வாதாடிப் பதில் எழுதினார். 'கொஸ்டின்' என்று எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். 'பாஸ் அவுட்' இன்னொன்று. 2019இல் பாஸ் அவுட் ஆனேன் என்று நாம் பட்டம் பெற்றதைச் சொல்வோம். கேட்பவர் காதில், மயங்கி விழுந்தேன் என்று விழும். 'ஹோட்டல்' என்றால் நமக்குச் சாப்பிடும் இடம், அவர்களுக்குத் தங்கும் இடம். இந்திய ஆங்கிலத்துக்குள் இவை செல்லும், தவறு என்று அடிக்க மாட்டேன். வெளியாரிடம் பேசும்போதுதான் கவனம் வேண்டும்.

சரி, இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'நண்பர்' என்று நாம் ஆளைத்தான் சொல்வோம், சொல்லைச் சொல்லும் வழக்கம் இல்லை. பிரெஞ்சுக்காரர் கண்ட உவமை அவர்களுக்கு அழகு. அதை அப்படியே பெயர்த்தால் உவமைதான் வருகிறது, பொருள் வரவில்லை. போலி நட்பைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால், திருக்குறளில் 'கூடாநட்பு' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அது மனிதர்களைப் பற்றியது.

'நண்பர்களை எடுத்துவிட்டுப் போலிச்சொல் என்று வைத்தால் போதாதா?' என்று சிலர் கேட்கிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். 'போலி' தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் சொல். அறம் என்பது அறன் என்று வந்தால் கடைப்போலி. ஐந்து அஞ்சு ஆனால் முற்றுப்போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது. அதுதான் போலி. நாம் பேசும் சொற்களிலோ உருவம் மாறாது, பொருள்தான் மாறும். நேர் எதிரான ஒன்றுக்கு அதே பெயரை வைத்தால், பள்ளியில் போலி படித்துவிட்டு வரும் பிள்ளை எதை நம்பும்?

'மயங்கொலிச் சொல்' என்பதும் இங்கே பொருந்தாது. மரம், மறம் போல ஒலியால் ஒரே மொழிக்குள் குழப்புகிறவை அவை. 'நோ' என்ற ஒரே ஒலியில் 'இல்லை'யும் 'அறி'யும் வருகின்றனவே, அவற்றுக்கு அந்தப் பெயரைத் தாராளமாக வைக்கலாம். 'பொருள்மயக்கம்' என்றால், ஒரு தொடர் இரண்டு பொருள் தருவது என்று ஏற்கெனவே வழங்குகிறது.

நான் முன்வைப்பது 'மொழிமயக்கச் சொல்'. ஒன்று வரவேண்டிய இடத்தில் இன்னொன்று வருவதை மயக்கம் என்பது நம் இலக்கண வழக்கம். ஒரு வேற்றுமை உருபின் இடத்தில் இன்னொரு வேற்றுமை உருபு வந்தால் உருபு மயக்கம். நிகழ்காலம் வரவேண்டிய இடத்தில் இறந்தகாலம் வந்தால் கால மயக்கம். அதே போல, ஒரு மொழியின் பொருள் வரவேண்டிய இடத்தில் இன்னொரு மொழியின் பொருள் வந்து உட்கார்ந்தால் மொழிமயக்கம். குழப்பம் என்ற அன்றாடப் பொருளும் அதிலேயே இருப்பதால், இலக்கணம் படிக்காதவருக்கும் எட்டும். கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விளக்கம் கேட்காமலே பாதி புரிந்துவிடும்.

இந்தச் சங்கடம் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அகராதியைத் திறந்து முதல் பாதிக்கு ஒரு சொல், இரண்டாம் பாதிக்கு ஒரு சொல் என்று ஒட்டுகிறார்கள். இப்போது கணினியும் அதையே வேகமாகச் செய்கிறது. 'பாசிவ் வாய்ஸ்' என்பதைச் 'செயலற்ற குரல்' என்று எழுதிய பாடத்தாளை நானே கையில் வைத்துத் திருத்தியிருக்கிறேன். 'செயப்பாட்டுவினை' என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருகிறோமே! 'ஹெல்பிங் வெர்ப்' அதே தாளில் 'உதவும் வினைச்சொல்' ஆகியிருந்தது. அதற்குத் 'துணைவினை' இருக்கிறது. ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் கற்றால் எளிதாகப் புரியும் என்றுதான் மாணவர் அந்தத் தாளை வாங்குகிறார். அதில் தமிழைப் புரிந்துகொள்ள மறுபடி ஆங்கிலத்துக்கே ஓட வேண்டியிருக்கிறது.

அந்த மாணவரின் தாளில் 'போலி நண்பர்கள்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'மொழிமயக்கச் சொற்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் பட்டியலின் கடைசியில் அவராகவே 'டென்ஷன்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, "இதுவும் இதில் வருமா சார்?" என்றார்.