வாய் மூடிக் காத்திருக்கும் புழு

குடலில் வாழும் கொக்கிப்புழு பெரும்பாலும் பாதத்தின் தோலைத் துளைத்துத்தான் உடலுக்குள் வருகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறையாத பயணம் இது.

மலத்தோடு ஈரமான, நிழலான மண்ணில் விழும் முட்டைகள் ஓரிரு நாளில் பொரிகின்றன. இளம்புழு பாக்டீரியாக்களைத் தின்று வளர்ந்து, இருமுறை தோலுரிக்கிறது. இரண்டாம் முறை உரிந்த தோலை உதறிவிடாமல் உறையாகப் போர்த்திக்கொள்கிறது. வாயும் அடைபட்டுவிடுகிறது. இனி இரை கிடையாது. சேமித்த கொழுப்பை வைத்துச் சில வாரங்கள் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்குள் ஒரு வெறுங்கால் அந்த இடத்தை மிதித்தாக வேண்டும்.

மிதித்தவுடன் உடற்சூடும் தோலின் வேதிப்பொருள்களும் அதைத் தூண்டுகின்றன. உறையைக் கழற்றிவிட்டு, பெரும்பாலும் மயிர்க்கால்கள் வழியாக நுழைகிறது. இதை முதலில் உணர்ந்தவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் பணிபுரிந்த ஒட்டுண்ணி ஆய்வாளர் ஆர்தர் லூஸ். இளம்புழுக்கள் இருந்த நீர் அவர் கையில் தவறிச் சிந்தியது. அரிப்பும் சிவப்பும் தோன்றின. பின்னர் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. உறுதி செய்ய, ஒரு சிறுவனின், வெட்டி அகற்றப்படவிருந்த காலில் இளம்புழுக்களை விட்டு, அகற்றிய பின் அந்தத் தோலை ஆராய்ந்தார். புழுக்கள் உள்ளே இருந்தன. இன்று எந்த மருத்துவமனையும் அனுமதிக்கக்கூடாத சோதனை அது.

தோலைக் கடந்த புழு இரத்த ஓட்டத்தில் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலை அடைகிறது. நுண்குழாய்களைக் கிழித்துக் காற்றறைக்குள் புகுந்து, மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறுகிறது. நாம் அறியாமலே அதை விழுங்குகிறோம். சிறுகுடலில் மேலும் இருமுறை தோலுரித்தபின், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு முதிர்ந்து, குடற்சுவரைக் கவ்வுகிறது. இரத்தம் உறையாதிருக்கும் பொருளைச் சுரந்தபடியே உறிஞ்சுகிறது. தோலில் நுழைந்த நாளிலிருந்து முட்டை வெளிவர ஐந்து வாரமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு புழு குடிக்கும் இரத்தம் அற்பம். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால், ஏற்கெனவே இரும்புச்சத்துக் குறைந்த கர்ப்பிணியையும் குழந்தையையும் சோகை வாட்டிவிடும்.

மனிதரைப் பாதிக்கும் இரு முக்கிய இனங்களில் ஒன்றான ஆன்சைலோஸ்டோமா டியோடினேல் இன்னும் பொறுமைசாலி. உள்ளே வந்த பிறகும் அதன் இளம்புழுக்கள் மாதக்கணக்கில் வளர்ச்சியை நிறுத்திவைக்கக்கூடும். மேற்கு வங்கத்தில் இதை ஆராய்ந்த ஜெரார்டு ஷாடும் சகாக்களும் 1973இல் ஒரு விளக்கம் தந்தார்கள்: வறண்ட மாதங்களில் முட்டையிட்டால் குஞ்சுகள் மண்ணில் காய்ந்து மடியும், அதனால் பருவமழையை ஒட்டி முட்டைகள் வெளிவரும்படி அவை மனித உடலுக்குள்ளேயே காத்திருக்கின்றன.